டேலியாக் கிழங்குக்கு ஒரு சுரங்கம்

1

இங்கிலாந்தில் குடியேறிய தமிழர்கள் இரண்டு ஜாதி. கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவர்கள் ஒரு ஜாதி, அது செத்துப்போய்த் துக்கம் காப்பவர்கள் இன்னொரு ஜாதி. குளிர் ஆரம்பித்ததும் தொட்டியை ஹாலுக்குள் தூக்கிவந்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்து, வாட்ஸப்பில் படம் போடுவார்கள். ஒரு துளிர் விட்டால் போதும், பேரன் பிறந்த மாதிரி ஆளாளுக்கு வாழ்த்து. இலை உதிர்ந்தால் ஆறுதல். மோர் ஊற்று என்பார் ஒருவர், மீன் கழுவிய தண்ணீர் ஊற்று என்பார் இன்னொருவர். ஊரில் இவர்களில் ஒருவரும் ஒரு செடிக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவர்கள் இல்லை.

போன வாரம் அந்தக் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "குளிர்காலத்தில் டேலியாவை எப்படிக் காப்பாற்றுவது?" உடனே வந்து விழுந்தன ஆலோசனைகள். டேலியாவைக் காப்பாற்ற எங்கள் வீட்டில் ஒரு மனிதர் என்ன செய்தார் என்பதை அங்கே எழுதினால் சிரிப்பார்கள். அவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அதனால் அதை இங்கே, நம் கோலார் தங்கவயலில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

மாரிகுப்பத்திலும் உரிகத்திலும் இருப்பவர்களுக்கு முதலில் இந்தக் கேள்வியே புரியாது. நம் ஊரில் டேலியா பூப்பதே மார்கழியில்தானே. குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, வாயில் புகை விட்டுக்கொண்டு, குழாயடிக்குப் போகிற காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்கு முன்னால் மண்ணெண்ணெய் டின்களில் தட்டு தட்டாகப் பூத்து நிற்கும். இங்கே அது ஐப்பசி தாண்டினால் கருகிவிடும். ஒரே ஒரு உறைபனி. முந்தைய நாள் சாயங்காலம் வரை கல்யாணப் பெண் மாதிரி நின்ற செடி, காலையில் பார்த்தால் வெந்த கீரை. தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி எடுத்து, தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடியவிட்டு, சித்திரை முடியும் வரை பனி படாமல் எங்காவது ஒளித்து வைக்கவேண்டும். இதுதான் இந்த நாட்டில் தோட்டம் போடும் லட்சணம். பாதி வருஷம் ஒளித்து வைப்பது, மீதி வருஷம் மழைக்குப் பயப்படுவது.

2

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம். மைனில் மரம் கட்டுகிற வேலை. அதாவது, கீழே வெட்டிய இடத்தின் கூரை ஆட்கள் மேல் விழாமல் முட்டுக் கொடுப்பது. மைன் மூடியபோது அவருக்கு முப்பது சொச்சம். நான் நர்ஸ். இந்த நாட்டுக்கு அப்போது நர்சுகள் தேவைப்பட்டார்கள், மரம் கட்டுகிறவர்கள் தேவைப்படவில்லை. நான் வந்தேன், அவர் என் பின்னால் வந்தார். ஒரு கோடவுனில் பெட்டி அடுக்கினார். அடுக்கி முடித்து ரிட்டயரும் ஆகிவிட்டார். இத்தனை வருஷத்தில் இந்த ஊர்க்காரர்களிடம் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் பயணத்துக்குக் காணாது.

எங்களிடம் இருப்பது சாதாரண டேலியா இல்லை. கருஞ்சிவப்பு, நடுவில் கிட்டத்தட்ட கறுப்பு. எங்கள் லைனில் அதற்குப் "பங்களா சிவப்பு" என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாத் தோட்டத்திலிருந்து என் மாமனார் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்த கிழங்கின் வம்சம். அதே கிழங்கை நான் கேழ்வரகு மாவுப் பொட்டலத்துக்குள் புதைத்து விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். வெள்ளைக்காரனிடம் திருடியதை வெள்ளைக்காரன் நாட்டுக்கே திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து சேர்த்த குடும்பம் எங்களுடையது. இதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. இங்கே கடையில் விற்கிற டேலியாக்களைப் பார்த்திருக்கிறேன். பிறந்தநாள் கேக் மேல் வைக்கிற கிரீம் மாதிரி இருக்கும்.

3

போன வருஷம் கிழங்கை ஷெட்டில் வைத்தார். தகர ஷெட். தை மாதக் குளிரில் பாதிக் கிழங்கு உறைந்து, பிறகு இளகி, அழுகிய உருளைக்கிழங்கு நாற்றம் அடித்தது. நான் முதலிலேயே சொன்னேன், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வையுங்கள் என்று. வாக்யூம் கிளீனரும் உடைந்த குடைகளும் இருக்கும் இடம். இருட்டு, குளிர்ச்சி, ஆனால் உறையாது.

"அங்க ஹீட்டர் காத்து வரும். காஞ்சி கட்டையாப் பூடும்."

"அப்போ இன்னாதான் பண்ணப் போறீங்க?"

"கீழ வெக்கணும்."

"எந்தக் கீழ?"

அவர் தரையைக் காட்டினார்.

அவருடைய கணக்கு இது: பூமிக்குள் போகப் போகச் சூடு. மைனின் கீழ் லெவல்களில் பாறையைத் தொட்டால் கை சுடும், ஆட்கள் கோவணத்தோடு நின்று வேலை செய்வார்கள், மேலே ஊர் நடுங்கிக்கொண்டிருக்கும்போது கீழே வியர்வை ஊற்றும். எல்லாம் உண்மைதான். ஆனால் அது மைல் கணக்கில் கீழே இறங்கினால். இவர் தோண்டப்போவது பின்வாசல் புல்தரை. அதுவும் மழை நாட்டின் களிமண். இதை ஒரு கோலார் தங்கவயல்காரனைத் தவிர வேறு எவனாவது யோசிப்பானா? தஞ்சாவூர்க்காரன் யோசிப்பானா? அவன் தரையில் தண்ணீரைத்தான் தேடுவான். தரைக்குக் கீழே கதகதப்பு இருக்கிறது என்று நம்புகிற ஜனம் உலகத்திலேயே நாம் மட்டும்தான்.

4

சித்திரையில் ஆரம்பித்து ஐப்பசிக்குள் முடித்தார். குழி என்று சொன்னால் கோபம் வரும். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். பழைய ரயில் கட்டைகளை வாங்கிவந்து நாலு பக்கமும் முட்டு, முட்டுக்குப் பின்னால் பலகை, மேலே கட்டைகள் பரப்பி மண் போட்டு, ஒரு ஓரத்தில் கதவும் ஏணியும். உள்ளே இரண்டு அடுக்குத் தட்டு. தட்டுகளில் மரத்தூள் நிரப்பி அதற்குள் கிழங்கு. ஒவ்வொரு நாளும் இறங்கி, மைனில் செய்கிற மாதிரி ஒரு இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டி, எங்காவது தளர்ந்திருக்கிறதா என்று சத்தம் கேட்பார். கிழங்குக்குச் சமாதி கட்டியவர் இந்த உலகத்திலேயே இவர்தான்.

அதோடு நிற்கவில்லை. டோக்கனை வேறு எடுத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைனில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. இறங்குமுன் மேலே பலகையில் இருக்கும் ஆணியில் மாட்டவேண்டும், ஏறி வந்ததும் எடுக்கவேண்டும். ஷிஃப்ட் முடிந்தும் ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பலகை காலியாகாமல் அங்கே இருக்கும் டைம்கீப்பர் வீட்டுக்குப் போகக் கூடாது. என் அப்பாவும் மைன்காரர்தான். ஒரு நாள் வீட்டில் பாத்திரமெல்லாம் குலுங்கி விழுந்தது. கீழே பாறை வெடித்திருந்தது. என் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அந்தப் பலகை முன்னால் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அப்பாவின் நம்பர் எந்த இடத்தில் தொங்கும் என்று தெரியும். அப்பா ஏறி வந்தார். வராதவர்களும் உண்டு.

மைன் மூடியபோது எல்லாரும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார்கள். இவர் கொடுக்கவில்லை. இப்போது சமையலறைப் பின்கதவு பக்கத்தில், நான் கை துடைக்கும் துணி மாட்டுகிற ஆணியில், அதை மாட்டிவிட்டுத்தான் குழிக்குள் இறங்குவார். வாசலில் இருந்து கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம். அதற்கு ஒரு டோக்கன்.

"நான் துணியை எங்க மாட்டறது?"

"வேற ஆணி அடிச்சித் தரேன். இதுல கை வெக்காத."

"நானும் ஒரு தடவ எறங்கிப் பாக்கறேன். அப்படி இன்னாதான் கட்டிக்கீறீங்கன்னு."

"பொம்பளைங்க அண்டர்கிரவுண்ட் எறங்கக் கூடாது."

"இது மைன் இல்லைங்க. புல்தரை."

"எதுவா இருந்தாலும் சரி. எறங்கக் கூடாது."

ஐ.சி.யூவில் ராத்திரியெல்லாம் சாவோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற பொம்பளை நான். எனக்குச் சொல்கிறார். ஆனால் ஒன்று, அவர் இறங்கியிருக்கும்போதெல்லாம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே என் கண் அந்த ஆணிக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்துக்காக அவர் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமில்லை.

5

பக்கத்து வீட்டுப் பேட்ரிக் வேலி மேல் தலையை நீட்டி, "யாரைப் புதைக்கிறீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மறு வாரம் அதே சிரிப்போடு கவுன்சிலுக்கு, அதாவது இந்த ஊர் நகராட்சிக்கு, புகார் எழுதிப் போட்டார். இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான். நம் ஊரில் சண்டை போட்டால் குழாயடியில் தலைமயிரைப் பிடித்துக்கொள்வோம், மறுநாள் பொங்கலுக்குக் கரும்பு கொடுப்போம். இங்கே சண்டையே கிடையாது, கடிதம்தான்.

கவுன்சிலிலிருந்து ஒரு சின்னப்பெண் வந்தாள். தலையில் ஹெல்மெட். "அனுமதியில்லாத நிலத்தடிக் கட்டுமானம்" என்று அவள் காகிதத்தில் இருந்தது. கட்டுமானம் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு பெருமை. அவள் ஏணியில் கால் வைக்கப் போனாள். இவர் ஓடிப்போய்க் குறுக்கே நின்று, தன் ஆங்கிலத்தில் சொன்னார்: "மேடம், லேடீஸ் நோ கோ டவுன்."

அவள் பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள்.

இடம் பாதுகாப்பில்லை, களிமண், மழைக்காலத்தில் பக்கச்சுவர் தள்ளும், பங்குனிக்குள் மூடிவிடுங்கள் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். கிழங்கு வெளியே வருவதோ சித்திரைக்கு அப்புறம். அவகாசம் கேட்க ஒரு விண்ணப்பம் இருந்தது. அதில் "கட்டுமானத்தின் நோக்கம்" என்ற இடத்தில் "பூ" என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

பிரிஸ்டலில் இருக்கும் எங்கள் மகள் கவிதா வீடியோவில் வந்தாள். "அம்மா, திஸ் இஸ் நாட் நார்மல். அப்பாக்கு யாரையாவது பாக்கணும். டாக் பண்ணணும்." அவளுக்குத் தமிழ் இப்போது மளிகைச் சாமான் அளவுக்குத்தான் வருகிறது. உப்பு, புளி, அம்மா, அப்பா. பெரிய விஷயம் எல்லாம் ஆங்கிலத்தில்.

"உங்க அப்பா யாரோட பேசுவாரு?"

"ப்ரொஃபஷனல்."

"அவரு கிழங்கோட பேசிகினு கீறாரு. அதுக்கு அப்பாயிண்ட்மெண்ட் வேணாம்."

"கடைல நூறு டேலியா கிடைக்கும்மா. நான் ஆர்டர் பண்றேன்."

போனை வைத்துவிட்டேன். பெற்ற பெண் மேல் இப்படி ஒரு ஏளனம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

6

தை மாதம் அவர் தம்பி மகளுக்குப் பங்காருபேட்டையில் கல்யாணம். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். லீவு கேட்கவே இல்லை என்பது உங்களோடு இருக்கட்டும். அந்தக் கல்யாணக் கூட்டத்தை நான் அறிவேன். லண்டன் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், பதிலுக்குக் காத்திருக்காமல் என் கழுத்தில் எத்தனை பவுன் என்று எண்ணுவார்கள். நான் லண்டனில் இல்லை என்பதை இத்தனை வருஷமாக அவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை.

ஏர்போர்ட்டில் மெஷின் கத்தும் என்று டோக்கனை மசாலா டப்பா இழுப்பறையில் வைத்துவிட்டு அவர் கிளம்பினார். தோட்டத்தை என்னிடம் ஒப்படைத்தார். பூண்டுப் பாத்தி மேல் போட்ட துணி காற்றில் பறந்தால் கல் வைக்கவேண்டும். லீக் என்று ஒரு வெங்காய ஜாதி, அதன் மேல் பனி விழுந்தால் தட்டிவிடவேண்டும். கீரைக்கு மூடி. "கீழ மட்டும் போகாத. நான் வந்து பாத்துக்குறேன்."

அவர் போன மறுநாள் பிடித்தது மழை. பனி விழுந்தால்கூடக் கொஞ்சம் அழகு இருக்கும். இது அழகே இல்லாத மழை, மூக்கொழுகுகிற மாதிரி நிற்காமல். புல்தரையில் கால் வைத்தால் செருப்பு உள்ளே போய்விடும். தினமும் மத்தியானம் அவர் போன். அங்கே சாயங்காலம்.

"இன்னா சாந்தி, அங்க மழையா?"

"தூறல்தான்."

"கெழங்கு?"

"அதுக்கு இன்னா, நல்லா தூங்கிகினு கீது."

கல்யாணம் முடிந்து தங்கவயலுக்கு வந்து, ராபர்ட்சன்பேட்டை பஜாரில் சட்டைத்துணி வாங்கினாராம். பிறகு நாங்கள் இருந்த லைன் வீட்டுப் பக்கம் போயிருக்கிறார்.

"யாரு கீறாங்க அங்க?"

"நல்ல ஜனங்கதான். உள்ள வாங்கன்னு சொல்லி காப்பி குடுத்தாங்க. வாசல்ல முழுக்க சிமெண்ட் போட்டுட்டாங்க. ரெண்டு வண்டி நிக்குது."

"டேலியா?"

"ஒண்ணியும் இல்ல. லைன் முழுக்க நடந்து பாத்துட்டேன். யார் வீட்லயும் இல்ல. அந்தச் செவப்பு எப்டி இருக்கும்னு கேட்டா, பெரியவங்களுக்கே ஞாபகம் இல்ல." பிறகு சொன்னார்: "நம்ம கீழ வெச்சிக்கீறது மட்டும்தான் பாக்கி."

எனக்கு வந்தது அழுகைதான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்போது அதைக் கோபம் என்று நினைத்து, "பேலன்ஸ் பூடும், போனை வைங்க" என்றேன்.

7

மறுநாள் காலையில் குழியின் கதவைத் தூக்கிப் பார்த்தேன். இருட்டு. தண்ணீர் சொட்டும் சத்தம். அந்தப் பழைய நாற்றம், போன வருஷத்து ஷெட் நாற்றம்.

எனக்குத் தெரியும், அந்தக் கவுன்சில் பெண் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே இளக்காரம், ஆனாலும் சரி சரிதான். பாறையில் முட்டுக் கொடுத்த மனிதர் பாறைக்கு எப்படி முட்டுக் கொடுப்பாரோ அப்படித்தான் களிமண்ணுக்கும் கொடுத்திருந்தார். மேலே இருந்து விழுவதற்குத் தடுத்தார். கீழே இருந்து ஊறுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கப் பலகை வயிறு தள்ளிக்கொண்டு நிற்பது மேலிருந்தே தெரிந்தது.

பேட்ரிக்கைக் கூப்பிட்டால் கவுன்சிலுக்கு இன்னொரு கடிதம் போகும். கவிதாவைக் கூப்பிட்டால் பிரிஸ்டலிலிருந்து அறிவுரை வரும். நான் உள்ளே போய் நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டி, வாளியை எடுத்தேன். பின்கதவைத் திறந்தபோது ஆணியில் கைத்துணி இருந்தது.

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. திரும்பிப் போய் மசாலா டப்பா இழுப்பறையைத் திறந்து டோக்கனை எடுத்தேன். துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆணியில் அதை மாட்டினேன். வீட்டில் ஒருவரும் இல்லை. அதைப் பார்க்க ஒரு பூனைகூட இல்லை. பைத்தியக்காரியே என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் மாட்டினேன்.

ஏணியில் இறங்கினேன். என் பாட்டனும் அப்பனும் புருஷனும் இறங்கினார்கள், எங்கள் வீட்டில் கீழே இறங்கிய முதல் பொம்பளை நான், அதுவும் நைட்டியில். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. ஐஸ். கதகதப்பாம். கீழ்த்தட்டு மிதந்துகொண்டிருந்தது. மரத்தூளுக்குள் கையை விட்டால் கிழங்கு ஊறிய ரொட்டி மாதிரி விரலில் பிதுங்கியது. ஒவ்வொன்றாகத் தொட்டேன். கூரை சொட்டிய மேல்தட்டிலும் அப்படித்தான். பயம் வந்தது. தள்ளி நின்ற பலகையைவிட, வெறும் கையோடு மேலே ஏறவேண்டி வருமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

மேல்தட்டின் மூலையில் ஒரே ஒரு கொத்து கெட்டியாக இருந்தது. நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை. அதை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டேன், மாமனார் சட்டைக்குள் போட்ட மாதிரி. ஏறும்போது பின்னால் பலகை ஒன்று முனகியது. திரும்பிப் பார்க்கவில்லை.

கிழங்கைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, மாடிப்படிக்குக் கீழே அலமாரியில், வாக்யூம் கிளீனருக்கும் உடைந்த குடைகளுக்கும் நடுவில் வைத்தேன். ஆரம்பத்திலேயே நான் சொன்ன இடம்.

8

மத்தியானம் போன் வந்தது. நான் எப்படி ஆரம்பிக்கலாம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லா ஏளனமும் தயாராக இருந்தது. சூடாம், சுரங்கமாம், லேடீஸ் நோ கோ டவுனாம்.

"கீழ தண்ணி வந்துடுச்சி," என்றேன். "எல்லாம் போச்சி. ஒரு கொத்து கீது. மேல கொண்டாந்து வெச்சிட்டேன்."

அந்தப் பக்கம் ஆட்டோ சத்தம், யாரோ கன்னடத்தில் பேரம் பேசுகிற சத்தம்.

"யாரு எறங்கினது?"

"நான்தான். வேற யாரு கீறாங்க இங்க?"

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பிக் கொடுக்க நிறைய இருந்தது. அவர் மெதுவாகக் கேட்டார்:

"டோக்கன் மாட்டினியா?"

"மாட்டினேன்."

மறுபடி ஆட்டோ சத்தம்.

"மேல வந்து எடுத்தியா?"

சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பித்தளை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"எடுக்கல. மறந்துட்டேன்."

"போய் எடு."

"உங்களோட பேசிகினுதானே கீறேன். மேலதான் கீறேன்."

"தெரியும். போய் எடு. எடுத்துட்டு வந்து சொல்லு. நான் இங்கியே கீறேன்."

போனை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனேன். டோக்கன் ஜில்லென்று இருந்தது. திரும்பி வந்து போனை எடுத்தபோது ராபர்ட்சன்பேட்டை பஜார் சத்தத்துக்கு நடுவில் அவர் மூச்சு கேட்டது.

"எடுத்துட்டேன்," என்றேன்.

"சரி," என்றார். அதற்கு அப்புறம்தான் போனை வைத்தார்.